முழு ஊசி

அந்த வீட்டில் ஊசிக்கு ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் உடைந்த துண்டெல்லாம் பவுடர் டப்பாவுக்கு வந்து சேர வேண்டும். ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து முழு ஊசி ஆன பிறகுதான் பை வாசலைத் தாண்டலாம். அதுவரைக்கும் வண்டிக்காரர் வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் சரி, வாங்குகிறவர் போனில் கத்தினாலும் சரி. இந்தச் சட்டத்தைப் போட்டவளே பைக்காரம்மாதான்.

அவர்கள் தைத்தது காய்கறிப் பை இல்லை, குத்துப்பை. தடித்த கேன்வாஸை ஆள் உயரத்துக்கு உருளையாகத் தைத்து, உள்ளே பழந்துணியை இடித்து நிரப்பி, சங்கிலி போட்டு உத்தரத்தில் தொங்கவிடுவது. சண்டை பழகுகிறவர்களுக்கு எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத நேரத்துக்கு இது. குத்தினாலும் வாங்கிக்கொள்ளும், உதைத்தாலும் வாங்கிக்கொள்ளும், கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாது. இவர்கள் தைக்கிற பையில் தோள் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் திண்டு மாதிரி இரண்டு கைகள் வேறு நீட்டிக்கொண்டிருக்கும். குத்து வாங்கிப் பை சுழலும்போது அந்தக் கை திரும்பி வந்து அடிக்கும். அதை முழங்கையால் தடுக்கப் பழக வேண்டும்.

அவள் புருஷன் பைக்காரர் நிரப்புவார். கையகலம் துணி போட்டு, மர உலக்கையால் இடித்து, பையைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி துணி போட்டு, மறுபடி இடித்து, ஒரு பை நிரம்புவதற்குள் பனியன் பிழிகிற மாதிரி ஆகிவிடும். அவருடைய தங்கை, பைக்காரம்மாவுக்கு நாத்தனார், பழந்துணி வெட்டுவாள். சட்டை என்றால் பட்டன், பேண்ட் என்றால் ஜிப்பும் கொக்கியும் வெட்டியெடுத்துவிட்டுத்தான் துணியை அண்ணனிடம் தள்ளுவாள். கட்டிக்கொண்டு போன இடம் ஒத்துவராமல் திரும்பி வந்தவள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. கடைசியில் பையின் வாயை மடித்து, வளைந்த ஊசியில் மெழுகு நூல் கோத்து, குறடால் இழுத்து இழுத்துத் தைத்து மூடுவது பைக்காரம்மா.

அன்றைக்கு அவள் வாசற்படியில் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் அடைமழை கொட்டிவிட்டு அப்போதுதான் வெயில் எட்டிப் பார்த்தது. மழையில் துணி காயாமல், பை தாமதமாகி, மூன்று நாளைக்கு முன்பு ஆறு பைகளை அடித்துப் பிடித்து ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த அவசரத்தில்தான் ஊசிமுனை உடைந்தது. டிக்கென்று ஒரு சத்தம். தரையில் கையால் துழாவினாள். கம்பியாக ஏதோ அகப்பட்டது. உடைந்த ஊசியோடு சேர்த்து டப்பாவில் போட்டுவிட்டு வேறு ஊசி எடுத்துக்கொண்டாள். பொருத்திப் பார்க்கவில்லை. பொருத்திப் பார்க்கக் கண் வேண்டும். கிட்டத்தில் இருப்பதெல்லாம் கொஞ்ச காலமாக அவளுக்குக் கலங்கிய தண்ணீருக்கு அடியில் கிடப்பது மாதிரி இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை.

மூன்று நாளாக நெஞ்சுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது அந்தத் துண்டை விரல் நுனியில் வைத்து அழுத்தினாள். குத்தவில்லை. திருப்பி அழுத்தினாள். அந்தப் பக்கமும் குத்தவில்லை.

"ஏம்மா, இங்க பாரு. இது என்னன்னு சொல்லு."

நாத்தனார் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள். "கொக்கி அண்ணி. பேண்ட் இடுப்புல இருக்குமே, அது. நான் வெட்டி எறிஞ்சதா இருக்கும். எங்க கெடந்துச்சு?"

"டப்பாவுல."

"எந்த டப்பாவுல?"

"ஊசி டப்பாவுல."

கத்தரிக்கோல் நின்றது. "அப்ப ஊசிமுனை?"

பைக்காரம்மா மாடிப் பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள்.

மொட்டைமாடியில் துணியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பைக்காரர் கூப்பிட்ட குரலுக்கு இறங்கி வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

நாத்தனார்தான் சொன்னாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ஒரு பைக்கு நாப்பது கிலோ துணி. அதுக்குள்ள நகக்கண் அளவு ஊசி. அது நடுவுல எங்கயாவது போய்ச் செத்துக் கெடக்கும். விடு."

"சாகாது. உங்களுக்கே தெரியும் சாகாதுன்னு. குத்தக் குத்த உள்ள துணி நகருதுல்ல? போன வருஷம் பிரிச்சுக் கட்டச் சொல்லி ஒரு பை திரும்பி வந்துச்சே, அதுல சட்டைப் பட்டன் எங்க இருந்துச்சு?"

"அது வேற."

"எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க. அரை வருஷத்துல நடுவுல இருந்து நடந்து வந்து கேன்வாஸுக்கு அடியில ஒட்டிக்கிட்டு நிக்கல?"

"பட்டன் உருண்டை. உருளும்."

"ஊசி கூர். உருள வேண்டாம், ஏறும்."

"எந்தப் பை தைக்கிறப்ப ஒடஞ்சுது?"

"மூணாவதா நாலாவதான்னு தெரியல. ஆறும் ஒரே மாதிரி. நீங்கதான உருட்டி ஏத்துனீங்க."

"ஆமா, உருட்டி ஏத்துனது என் தப்பு," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ ஏன் பொருத்திப் பாக்கல? ஊருக்கெல்லாம் சட்டம் போடுறவ நீதான?"

"அவசரத்துல விட்டுட்டேன்."

நாத்தனார் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கும் ஒரு வாய்ச்சொல் வைத்திருப்பவள், அப்போது பேசாமல் மடியில் ஒட்டிய நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பை வாங்கிய பயிற்சிக்கூடத்து மாஸ்டருக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. பயிற்சி நேரத்தில் அவர் போனைத் தொடமாட்டார். மறுபடி போட்டார்கள். மணி அடித்து அடித்து நின்றது. அங்கே பிள்ளைகள் கையுறை மாட்டாமல் வெறுங்கையால்தான் குத்துவார்கள். கை முதலில் பழகட்டும், உறை அப்புறம் என்பது அவர் பிடிவாதம். பைக்காரம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க."

மூன்று பேருமாகத்தான் பஸ் ஏறினார்கள். கத்தரிக்கோல், குறடு, புது ஊசி, நூல் உருண்டை ஒரு பையில். உடைந்த ஊசி காகிதத்தில் மடித்துப் பைக்காரர் சட்டைப் பையில். செத்துப்போன ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய தட்டு மாதிரிக் காந்தம் நாத்தனார் மடியில். பஸ் குலுங்கியதில் அது முன்சீட்டுக் கம்பியில் போய்ப் படீரென்று ஒட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார், உங்கள இல்ல, சீட்டைத்தான் இழுக்கிறேன்," என்றாள்.

பைக்காரர் சிரித்துவிட்டார். பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மென்று முழுங்கினார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் இருப்பதெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கடைப் பலகையில் இருக்கிற எழுத்து, கம்பியில் உட்கார்ந்திருக்கிற காக்கா. மடியில் இருந்த தன் கை மட்டும்தான் கலங்கித் தெரிந்தது.

பயிற்சிக்கூடம் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில். படியேறும்போதே சத்தம் கேட்டது. தொம், தொம், தொம். பை நன்றாக நிரம்பியிருக்கிறது என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். மற்ற நாளாக இருந்தால் அவளுக்கு அது பெருமை. இன்றைக்கு அவள் இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள்.

கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிறுமி. ஒட்ட வெட்டிய முடி, விரலில் வெள்ளைக் கட்டு. பைக்காரம்மா அந்தக் கட்டையே பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க பைக்காரம்மா, என்ன இந்தப் பக்கம்?" மாஸ்டர் வியர்வை வழிய வந்தார். நாற்பதைத் தாண்டாத ஆள், குரல் மட்டும் பெரியது. "பையெல்லாம் ஜம்முன்னு இருக்கு. போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான். பிள்ளைங்க விடாம அடிக்குதுங்க."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அந்தச் சிரித்த முகத்துக்கு முன்னால் நாக்கு வேறு எதையோ சொன்னது.

"தையல் விட்டிருக்கும்னு சந்தேகம், மாஸ்டர். ஒரு பையில. கழட்டிப் பாத்துட்டு மாட்டிடறோம்."

"அவ்வளவுதானா? எந்தப் பை?"

வாய்க்கு வந்தபடி ஜன்னலோரம் தொங்கியதைக் காட்டினாள். மாஸ்டர் கையைத் தட்டினார். அந்தப் பையில் குத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிப்போய் மற்றப் பைகளில் சேர்ந்துகொண்டார்கள். இப்போது ஒரு பைக்கு மூன்று பேர், நான்கு பேர். சத்தம் முன்னைவிட வேகமாக வந்தது. விரலில் கட்டுப் போட்ட சிறுமி நல்ல கையால் பக்கத்துப் பையின் இடுப்பில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் பைக்காரம்மா. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மாஸ்டரின் கையைப் பிடித்தாள். "எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க மாஸ்டர். தையல் இல்ல. உள்ள ஊசி இருக்கு. எந்தப் பைன்னு தெரியாது."

மாஸ்டர் ஒரு சத்தம் போட்டார். கூடம் அப்படியே நின்றது. பைகள் மட்டும் கொஞ்ச நேரம் தம் போக்கில் ஆடிக்கொண்டிருந்தன.

"மூணு நாளா அடிச்சிட்டு இருக்கோம்," என்றார். குரலில் கோபம்கூட வரவில்லை. "மூணு நாளா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் தெரியும்," என்றார் பைக்காரர் நடுவில் புகுந்து. "தெரிஞ்ச நிமிஷமே கிளம்பிட்டோம் மாஸ்டர். போன் அடிச்சோம், நீங்க எடுக்கல."

பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொல்லிக் கையை நீட்டச் சொன்னார் மாஸ்டர். அவர் ஒரு பக்கம், பைக்காரம்மா ஒரு பக்கம். மாஸ்டர் கண்ணால் பார்த்துக்கொண்டே போனார். இவள் ஒவ்வொரு கையையும் தன் கையில் வாங்கி, விரல் முட்டி முட்டியாகக் கட்டைவிரலால் தடவினாள். சின்னக் கைகள், வியர்த்த கைகள், தோல் உரிந்து காய்த்த கைகள். கட்டுப் போட்ட சிறுமியிடம் வந்ததும் நின்றாள்.

"இது எப்படிம்மா?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு ஆன்ட்டி. எங்கண்ணன் சாத்திட்டான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அவனுக்கும் ஒண்ணு குடுத்துட்டேன்."

நாத்தனார் பின்னாலிருந்து, "நல்லா குடுத்தியா?" என்றாள். சிறுமி தலையாட்டினாள்.

யார் கையிலும் ஊசிக் காயம் இல்லை. மறுநாள் விடுமுறை. வெளிச்சம் வந்ததும் மூன்று பேரும் உலக்கையோடு கூடத்துக்கு வந்துவிட்டார்கள். பெரிய பிள்ளைகள் சிலர் தாங்களாகவே வந்து நின்றார்கள். ஆறு பைகளையும் இறக்கி, வாயைப் பிரித்து, இடித்து இறுகிப்போன துணியைக் கட்டி கட்டியாகப் பிடுங்கிப் போட்டார்கள். கூடம் முழுக்கப் பழந்துணி மலை மலையாக நின்றது. யாருடைய சட்டையோ, யாருடைய போர்வையோ, யாருடைய பள்ளிக்கூடப் பாவாடையோ. ஒவ்வொன்றாக உதறிக் காந்தத்துக்கு மேல் இழுத்து, அந்தப் பக்கம் போட வேண்டும். புழுதி பறந்தது. தும்மல் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தாவியது. கீழேயிருந்து வந்த ரொட்டியும் டீயும் ஆறிப்போகும்வரை யாரும் தொடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்காரர் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். காந்தத்தில் டொக்கென்று எது ஒட்டினாலும் எல்லாத் தலையும் திரும்பியது.

முதலில் ஒட்டியது ஒரு ஜிப் தலை. அடுத்தது ஒரு இரும்புப் பட்டன். அப்புறம், வாய் திறந்தபடி ஒரு ஊக்கு.

பைக்காரர் அதை எடுத்துத் தங்கையின் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இது என்ன மகாராணி? ஒண்ணு விடாம வெட்டிட்டேன்னு சத்தியம் பண்ணுவியே."

"மழை நேரம், துணி ஈரமா ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க இடிக்கும்போது கண்ண எங்க வச்சிருந்தீங்க?"

"நான் உலக்கையப் பாப்பேனா உன் ஊக்கைப் பாப்பேனா?"

"அப்ப பேசாதீங்க. நல்லவேளை அண்ணி ஊசி ஒடச்சாங்க. இல்லாட்டி இந்த ஊக்கு யாரு கைக்குப் போயிருக்கும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பைக்காரம்மா சிரிக்கவில்லை. அந்த ஊக்கைக் கையில் வாங்கி, மூடி, இடுப்பு முடிச்சில் வைத்துக்கொண்டாள்.

பகல் சாய்ந்தபோது கடைசித் துணியும் காந்தத்தைத் தாண்டிப் போயிற்று. ஊசிமுனை இல்லை. கேன்வாஸை உள்பக்கம் வெளியே திருப்பித் தையல் தையலாகத் தடவினாள். அங்கேயும் இல்லை. தரையைக் கூட்டிக் குப்பைமேல் காந்தத்தை உருட்டினார்கள். ஆணி ஒன்று கிடைத்தது. அது இவர்களுடையது இல்லை.

"உங்க வீட்டுத் தரையிலயே விழுந்து குப்பையோட போயிருக்கும்," என்றார் மாஸ்டர்.

"போயிருக்கலாம்."

"அதான் தேடியாச்சே. இதுக்கு மேல என்ன பண்ண முடியும்? நிரப்பி மாட்டிடுங்க. பிள்ளைங்களுக்கு ஒரு வாரம்தான் இருக்கு. நேத்தே ஒரு வேளை போச்சு."

நேற்று எந்த முகத்துக்குப் பயந்து பொய் சொன்னாளோ, அந்த முகமே இப்போது ஒன்றுமில்லை போ என்றது. பைக்காரரும் உலக்கையை எடுத்துவிட்டார். பெரிய பிள்ளைகள் துணியை அள்ளிப் போட, அவர் இடிக்க, நாத்தனார் திருப்பிப் பிடிக்க, அதிக கை இருந்ததால் வேலை மளமளவென்று ஓடியது. பைக்காரம்மா ஒவ்வொரு வாயாகத் தைத்தாள். ஒவ்வொரு பைக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டு, ஊசிமுனை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். இருக்கு அண்ணி, இருக்கு அண்ணி என்று ஆறு தடவையும் அவள் சொன்னாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாக இறங்கும்போது ஆறும் சங்கிலியில் தொங்கின.

மாஸ்டர் பிள்ளைகளைப் பார்த்துக் கையைத் தட்டப்போனார்.

"யாரும் தொடாதீங்க," என்றாள் பைக்காரம்மா. "முதல்ல நான் அடிக்கிறேன். ஆறையும்."

"உனக்கென்ன கிறுக்கா? தள்ளு, நான் அடிக்கிறேன்," என்று பைக்காரர் முன்னால் வந்தார்.

"உங்க கை உலக்கை புடிச்சுக் காய்ச்சுப்போன கை. ஊசி ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது."

"உன் கையில ஏறினா? நாளைக்கு யாரு தைக்கிறது?"

"நாளைக்கு நான் தைக்கிறதா இல்லையான்னு அப்புறம் பேசுவோம். கிட்டத்துல எனக்குக் கண்ணு தெரியலங்க. அதான் அன்னைக்குப் பொருத்திப் பாக்கல. கொக்கிய எடுத்து ஊசின்னு போட்டது அவசரத்துல இல்ல."

பைக்காரர் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"தெரியும் அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "நூல் கோக்கிறப்ப முகத்தை ஒரு முழம் பின்னால இழுப்பீங்களே, ரொம்ப நாளாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா என்னைச் சும்மா விட்டிருப்பீங்களா?"

பைக்காரம்மா முதல் பைக்கு முன்னால் போய் நின்றாள். பிறந்ததிலிருந்து எதையும் குத்தி அறியாதவள். கையை மூடினாள்.

"ஆன்ட்டி, கட்டைவிரல் வெளிய இருக்கணும்," என்றாள் கட்டுப் போட்ட சிறுமி. கிட்டே வந்து, அவள் விரல்களைப் பிரித்து, மறுபடி மூடிவிட்டாள். "உள்ள வச்சா ஒடஞ்சிடும்."

மேலிருந்து ஆரம்பித்தாள். ஒரு குத்து, ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு குத்து. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவள் மாதிரி இடம் விடாமல் சுற்றி வந்தாள். ஒவ்வொரு தடவையும் கையை இழுத்து விரல் முட்டியை உதட்டில் ஒற்றிப் பார்த்தாள். பை ஆடித் திரும்பியபோது திண்டுக் கை வந்து தோளில் மொத்தியது. பைக்காரர் ஓடிவந்து பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு பைக்கும் அவர்தான் அணைப்பு. முதல் பை முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் கேன்வாஸ் உரசி முட்டித்தோல் உரிந்தது. எரிச்சலுக்கும் குத்தலுக்கும் வித்தியாசம் தெரியவேண்டுமே என்று அவள் வேகத்தைக் குறைத்தாள். கீழே டயர்க் கடையில் யாரோ காற்று அடிக்கிற சத்தம் மட்டும்.

நாலாவது பையில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, அவள் கை போய் நின்றது. திரும்பி வரவில்லை.

"என்ன?" என்றார் பையை அணைத்திருந்தவர்.

"இருக்கு."

"கைய எடு."

"எடுத்தா இடம் தவறிப்போயிடும். சுத்தி வெட்டுங்க." அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் வீட்டில் வேலை ஏவுகிற குரல். "ஏம்மா, நீ வெட்டு. உங்கண்ணனுக்குக் கை நடுங்கும்."

நாத்தனார் கத்தரிக்கோலோடு மண்டியிட்டாள். மூடிய கையைச் சுற்றிக் கேன்வாஸை வெட்டினாள். உள்ளேயிருந்த ஜீன்ஸ் மடிப்பொன்றையும் சேர்த்து வெட்டினாள். தடித்த மடிப்பு, நாலு மடங்காக இறுகிக் கிடந்தது. காந்தத்தின் இழுப்பு அதற்குள் எட்டியிருக்கவில்லை. மாஸ்டர் குறடை வாங்கி, நடுவிரல் முட்டியிலிருந்து அதை இழுத்தார். இரத்தம் அப்புறம்தான் வந்தது.

பைக்காரர் உடைந்த ஊசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மாஸ்டர், நாத்தனார், பிள்ளைகள் எல்லாரும் அவர் உள்ளங்கையைச் சுற்றிக் குனிந்தார்கள். பைக்காரம்மா குனியவில்லை. குனிந்தும் பயனில்லை.

"சேருதா?"

"சேருது," என்றார் அவர். மூச்சை விட்டார். "மயிரிழை இடைவெளி இல்லாமச் சேருது."

யாரோ ஒரு பையன் கை தட்டினான், பாதியில் நிறுத்திக்கொண்டான். மாஸ்டர் பஞ்சும் மருந்தும் எடுக்க ஓடினார். நாத்தனார் அண்ணியின் கையைத் தன் தலைப்பால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "உக்காருங்க அண்ணி, ஒரு வாய் டீ குடிங்க," என்றாள்.

அவள் உட்காரவில்லை. "இன்னும் ரெண்டு பை இருக்கு."

"அதான் கெடச்சிருச்சே," என்றார் பைக்காரர்.

"ஒரு ஊசிதான் ஒடஞ்சுதுன்னு யாரு சொன்னது?"

"நீதான் சொன்னே."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவர் போய் ஐந்தாவது பையைக் கட்டி அணைத்துக்கொண்டு நின்றார். அவள் தலைப்புச் சுற்றிய வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு, இடது கையை மூடினாள். கட்டைவிரல் வெளியே இருக்கிறதா என்று சிறுமி எட்டிப் பார்த்தாள். இருந்தது.

குத்தினாள். கையை இழுத்து உதட்டில் ஒற்றினாள். ஒரு விரற்கடை தள்ளி, மறுபடி குத்தினாள்.